வலைஞர் அறிவும் வரலாற்றின் மௌனமும்

நிபுணர் என்னும் சொல்லை நாம் யாருக்கு வழங்குகிறோம் என்பதைச் சற்றே சிந்தித்துப் பார்த்தல் நன்று. பல்கலைக்கழகத்தில் மீன்களின் உடலமைப்பைப் பயின்று பட்டம் பெற்றவர் மீன்வள நிபுணர். வெளிநாட்டிலிருந்து ஆலோசனை கூற வருபவரும் நிபுணர். ஐம்பது ஆண்டு காலம் வாவியிலே வலை வீசி, நீரின் நிறத்தைக் கொண்டே மீனின் இருப்பை அறிந்து சொல்லும் முதியவர் மட்டும் வெறும் மீன்பிடிகாரன். அவருடைய வலை நிறைந்தால் 'கைராசி' என்போம். வெறுமையாக வந்தால் 'சகுனம் சரியில்லை' என்போம். ராசிக்கும் சகுனத்துக்கும் இடையே அறிவு என்று ஒன்று உண்டு, அதுவே வலையை நிறைக்கிறது என்று ஒப்புக்கொள்ள நமது சமுதாயம் இன்றளவும் தயங்குகின்றது. இத்தயக்கத்துக்கு ஒரு வரலாறு உண்டு. மட்டக்களப்பு வாவிக்கரையில் நின்று அவ்வரலாற்றை நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

களுதாவளை, மட்டக்களப்பு நகருக்குத் தெற்கே, கல்முனை வீதியில் அமைந்த ஊர். கிழக்கே கடல், மேற்கே வாவி, இரண்டுக்கும் நடுவே ஒடுங்கிக் கிடக்கும் மணற்பாங்கான நிலம். இந்நிலத்தை எழுவான்கரை என்றும், வாவிக்கு அப்பாலுள்ள வயற்புறத்தைப் படுவான்கரை என்றும் மக்கள் வழங்குவர். ஞாயிறு எழும் கரையும் படும் கரையும் என இவ்வளவு எளிதாகவும் அழகாகவும் ஒரு நாட்டைப் பகுத்தவர் நில அளவையாளர் அல்லர் என்பதை இங்கே சொல்லிவைக்கலாம். ஊர் வெற்றிலைத் தோட்டங்களுக்குப் பெயர் பெற்றது. கொடிக்கு நிழலிட்டு, நீரூற்றி, பதமறிந்து இலை கிள்ளும் தோட்டக்காரரைக் கைதேர்ந்தவர் என்று நாம் தயங்காமற் கூறுகிறோம். கூறுவது நியாயமே. ஆனால் அதே நிலத்தின் இரு கரைகளிலும் வலையோடு நிற்பவருக்கு அந்தச் சொல் அவ்வளவு எளிதாகக் கிடைப்பதில்லை. மண்ணில் உழைப்பவனுக்கும் நீரில் உழைப்பவனுக்கும் இடையே இவ்வேற்றுமையை உண்டாக்கியது எது?

இவ்வினாவுக்கு விடை காணுமுன், அந்த அறிவு எத்தகையது என்பதை அறிந்துகொள்ளல் வேண்டும்.

மட்டக்களப்பு வாவி ஏறக்குறைய 56 கிலோமீற்றர் நீளமுடையது. வடக்கே பாலமீன்மடுவை அடுத்த முகத்துவாரத்திலும் தெற்கே கல்லாற்றுப் பகுதியிலும் அது கடலைச் சந்திக்கின்றது. ஆனால் இச்சந்திப்பு ஆண்டு முழுவதும் நிகழ்வதன்று. கோடையிற் கடலலை மணலைக் குவித்து வாயை அடைத்துவிடும். கார்த்திகை, மார்கழியில் வாடைக் காற்றோடு மழை கொட்டும்போது, மேற்கிலிருந்து வரும் ஆறுகளும் குளங்களின் வடிநீரும் வாவியை நிரப்பும்; மணற்றிடல் தானே உடையும், அல்லது வெட்டி விடப்படும். இவ்வாறு வாவி ஒரு பருவத்தில் உவர்நீர். மறு பருவத்தில் ஏறக்குறைய நன்னீர். இடைக்காலத்தில் இடத்துக்கு இடம் வேறுபடும் கலப்பு நீர். கடலும் ஆறும் மாறி மாறி ஆட்சி செலுத்தும் இந்நீரில் எந்த மீன் எப்போது எங்கே நிற்கும் என்பது அன்றாடம் மாறிக்கொண்டிருக்கும் கணக்கு.

இறாலை எடுத்துக்கொள்வோம். அது கடலிலே முட்டையிடும். பொரித்த குஞ்சுகள் வாவியின் வாய் திறந்திருக்கும் காலம் பார்த்து உள்ளே புகுந்து, கண்டல் வேர்களுக்கிடையிலும் ஆழமற்ற சேற்றிலும் வளர்ந்து, பருவமடைந்ததும் மீண்டும் கடலை நாடும். கொடுவாவின் வாழ்க்கை இன்னும் விந்தையானது. இளமையில் ஆணாக இருந்து, வளர்ந்தபின் பெண்ணாக மாறும் இம்மீன், உவர்நீர் வேண்டி வாவியின் வாய்ப்புறத்துக்கு இறங்கி முட்டையிடுகின்றது. மடவையும் முட்டையிடக் கடலுக்குப் போகும் மீனே. ஆகவே மணற்றிடல் உடைவதும் அடைபடுவதும் வலைஞனுக்கு வெறும் வெள்ளச் செய்தி அன்று. அடுத்த ஆறு மாதத்தில் வாவியில் எது இருக்கும், எது இராது என்பதை அது முன்கூட்டியே தெரிவித்துவிடுகின்றது. இந்த ஆண்டு வாய் பிந்தித் திறந்தது, ஆகையால் இறால் குறையும் என்று ஒரு முதியவர் கூறுவாராயின், அவர் கூறுவது உயிரியலும் நீரியலும் கலந்த ஒரு முடிவு. அதைத் தாளில் எழுதி மேற்கோள் காட்டாத குறை ஒன்றே அவரிடம் உண்டு.

வீச்சுவலையைக் கையாளும் திறனைப் பற்றியும் சிறிது கூறவேண்டும். பார்ப்பவர் கண்ணுக்கு அது தோளின் வலிமையாகத் தோன்றும். வலையை முழங்கையிலும் தோளிலும் பிரித்துத் தாங்கி, உடலைத் திருப்பி வீசி, ஈயக்குண்டுகள் ஒரே கணத்தில் நீரைத் தொடும்படி வட்டமாக விரிப்பது கடினமான பயிற்சிதான். எனினும் சில மாதம் முயன்றால் ஓர் இளைஞன் அதைக் கற்றுவிடலாம். எங்கே வீசுவது என்பதைக் கற்கவே ஆண்டுகள் செல்லும். தெளிந்த நீரிற் சேறு புகைபோல எழும் இடம், காற்றில்லாத வேளையிற் சிறு சுருக்கமாக அசையும் நீர்ப்பரப்பு, குமிழிகளின் அளவு, கொக்கு நிற்கும் நிலை, தன் நிழல் நீரில் விழாதபடி ஞாயிற்றுக்கு எதிரே நின்றுகொள்ளல், இவை யாவும் ஒரு நொடியில் ஒன்றுசேர்ந்து கையை எழச் செய்கின்றன. இடுப்பிற் பறியைக் கட்டிக்கொண்டு தகப்பனுக்குப் பின்னால் முழங்கால் அளவு நீரில் நடக்கும் சிறுவனுக்கு இதனை யாரும் பாடமாகச் சொல்வதில்லை. 'பேசாதே', 'அசையாதே', 'அங்கே பார்' என்ற மூன்று சொற்களோடு பாடம் நடக்கின்றது.

பெண்களின் பங்கையும் இங்கே மறத்தல் ஆகாது. மீன்பிடி ஆண்களின் தொழில் என்று பொதுவாக எழுதிவிடுகின்றனர். வாவியின் ஆழமற்ற கரைகளில் அத்தாங்கு கொண்டு இறால் அரிக்கும் பெண்கள் அக்கூற்றைப் பொய்யாக்குகின்றனர். இடுப்பளவு நீரிற் குனிந்து மணிக்கணக்காக நடப்பதும், காலடியிற் சேற்றின் மென்மையைக் கொண்டே இறால் கிடக்கும் இடத்தை அறிவதும் அவர்களுடைய தொழில். தோணியோ பெருவலையோ சொந்தமாக இல்லாத குடும்பங்களில் அன்றைய கறிக்கும் அரிசிக்கும் இவ்வுழைப்பே பொருள் தந்துள்ளது. ஆயினும் மீன்பிடியாளர் பற்றிய பேச்சில் இவர்கள் பெரும்பாலும் இடம்பெறுவதில்லை. தொழிலுக்கே மதிப்பில்லை, அதனுள்ளும் பெண்ணின் தொழிலுக்குப் பெயரே இல்லை.

இந்த அறிவு நூலேறிய ஒரு நிகழ்ச்சியும் நமது வாவியில் உண்டு. 1845 முதல் 1850 வரை இலங்கையின் குடியேற்ற நாட்டுச் செயலாளராக இருந்தவர் சர் ஜேம்ஸ் எமர்சன் டெனன்ட். 1848 செப்டெம்பரில் அவர் மட்டக்களப்புக்கு வந்தார். அவ்வாண்டு சூலையில்தான் துப்பாக்கிக்கும் நாய்க்கும் வண்டிக்கும் கடைக்கும் வரி விதித்த ஆங்கிலேய அரசுக்கு எதிராக மாத்தளை மக்கள் கிளர்ந்தெழுந்தனர். புரன் அப்பு ஆகஸ்டில் சுட்டுக் கொல்லப்பட்டான். அவ்வரசின் உயர் அதிகாரி ஒரு மாதம் கழித்து நிலவொளியில் தோணியேறி, வாவியின் இசையைக் கேட்கப் புறப்பட்டார் என்பது வரலாற்றின் விசித்திரங்களில் ஒன்று. அவரைச் சரியான இடத்துக்கு அழைத்துச் சென்றவர் மீனவர். ஒலி வறண்ட காலத்திற் கேட்கும், மழைநீர் பெருகி வாவி நிரம்பியதும் நின்றுவிடும் என்று கூறியவரும் மீனவர். அது ஒருவகைச் சிப்பியிலிருந்து எழுவது என்று கூறி, 'ஊரி' என அதன் பெயரையும் சொல்லி, நீருக்கடியிலிருந்து அதனை எடுத்துக் காட்டியவரும் அவரே. டெனன்ட் தோணியின் மரத்திற் காதை வைத்தபோது ஒலி இன்னும் உரத்துக் கேட்டது. சவளை நீரில் ஊன்றி அதன் மறுமுனையிற் காதை வைத்துக் கேட்கும் வழக்கம் வாவிக்கரை மக்களுக்குப் புதியதன்று.

டெனன்ட் 1859 இல் வெளியிட்ட இலங்கை பற்றிய பெருநூலில் இவற்றை எழுதினார். மீனவர் சொன்னதாகவே எழுதினார். அந்த நேர்மைக்கு நாம் நன்றி கூறவேண்டும். ஆயினும் அந்நூலிலே டெனன்டுக்குப் பெயர் உண்டு, சிப்பிக்கு இலத்தீன் பெயர் உண்டு. தோணி செலுத்தியவருக்குப் பெயர் இல்லை. ஒலி எழுப்புவது மீனா சிப்பியா என்ற வாதம் பின்னரும் தொடர்ந்தது. 1950களில் புனித மிக்கேல் கல்லூரியைச் சேர்ந்த லாங் பாதிரியார் கல்லடிப் பாலத்தின் கீழ் அவ்வொலியைப் பதிவு செய்தார்; அது வானொலியிலும் ஒலித்தது. 'மீன்பாடும் தேனாடு' என்று நாம் மேடைதோறும் பெருமை பேசுகிறோம். பாட்டைக் கேட்கக் கற்றுக்கொடுத்தவரைப் பற்றிப் பேசும் மேடை அரிது.

இனி, முன்னர் எழுப்பிய வினாவுக்கு வருவோம்.

பழந்தமிழ் இலக்கியத்தை நோக்குமிடத்து, நெய்தல் நிலத்துப் பரதவர் இழிந்தோராகச் சித்திரிக்கப்படவில்லை. பட்டினப்பாலையிலே, நிறைமதி நாளிற் கடல்மேற் செல்லாது, சுறாவின் கொம்பை நட்டு வழிபட்டு, உண்டு களித்திருக்கும் பரதவரைக் காண்கிறோம். இரவிலே திமிலில் விளக்கேற்றிச் சென்று மீன் பிடிக்கும் காட்சிகளும் சங்கப் பாடல்களில் உள்ளன. மீனவன் அங்கே தன் நிலத்தின் மகன். தன் தொழிலின் தலைவன். பின்னர் வயலும் கோயிலும் மையமான நிலமானிய அமைப்பு வலுப்பெற, நிலவுடைமையே உயர்வின் அளவுகோலாயிற்று. நீருக்கு வேலி இட முடியாது. வேலி இட முடியாத சொத்தை உடையவன் அவ்வமைப்பின் கண்ணிற் சொத்தற்றவனே. கைபட்ட தொழில்கள் அனைத்தும் பிறப்போடு பிணைக்கப்பட்டு, கற்றுப் பெற்ற திறன் சாதிக்குணம் என்று பெயர் மாற்றம் பெற்றது.

இதற்கு மட்டக்களப்பின் வரலாறே தக்க சான்று. திமில் என்னும் படகின் பெயரால் வழங்கிய திமிலர் இங்கே ஒரு காலத்தில் வலுவோடு வாழ்ந்தனர் என்பதும், முக்குவரோடு அவர்களுக்குப் போர் மூண்டது என்பதும், முஸ்லிம்களின் துணையோடு முக்குவர் அவர்களை வடக்கே துரத்தினர் என்பதும் இப்பகுதியின் மரபுக் கதை. எவ். எக்ஸ். சி. நடராசா 1962 இல் பதிப்பித்த மட்டக்களப்பு மான்மியமும், பண்டிதர் வி. சீ. கந்தையாவின் 1964 ஆம் ஆண்டு நூலான மட்டக்களப்புத் தமிழகமும் இப்பழங்கதைகளை நமக்குப் பேணித் தந்த நூல்கள். வாவியோரத்துத் திமிலைதீவு இன்றும் அப்பெயரை நினைவூட்டி நிற்கின்றது. கதையின் ஒவ்வொரு விவரத்தையும் வரலாறாகக் கொள்ள வேண்டியதில்லை. நமக்கு முக்கியமானது அதற்குப் பின் நிகழ்ந்தது. வென்றவர் நிலத்தைப் பெற்றனர். வயலுக்கு உடையவராகிப் போடியார் ஆயினர். தமக்கெனத் தாய்வழி உரிமைச் சட்டமும் கொண்டிருந்தனர். அதே முக்குவர் என்னும் பெயருடைய மக்கள் கேரளக் கரையிலும் கன்னியாகுமரிக் கரையிலும் இன்றும் கடலையே நம்பி வாழும் மீனவர்.

ஒரே பெயர், இங்கே போடியார், அங்கே வலைஞர். மீன்பிடி இரத்தத்தில் ஓடுவது என்று கூறுவோர் இதற்கு என்ன விடை கூறுவர்? நிலம் கிடைத்தபோது தொழில் மாறியது; கிடைக்காத இடத்தில் நிலைத்தது. தொழிலோடு அறிவும் தங்கியது. பொருளாதாரம் நடத்திய பங்கீட்டுக்குப் பிறப்பின் மீது பழி போடுவதே சாதி செய்துவந்த வேலை.

வாவியிலிருந்து கடற்கரைக்குச் சென்றால் இவ்வறிவின் வேறொரு முகத்தைக் காணலாம். தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்திற் கிழக்குக் கடல் ஓரளவு அமைதியாக இருக்கும். அதுவே கரைவலையின் காலம். தோணி ஒரு கயிற்றைக் கரையில் விட்டுக் கடலுட் சென்று, வலையை அரைவட்டமாக இறக்கி, மறு கயிற்றோடு கரை சேரும். பின்னர் இரு அணியாக நின்று இழுப்பர். வலையின் நடுவே மடி. இழுவையில் ஒரு பக்கம் முந்தினாலும் மடி கோணி மீன் தப்பிவிடும். இங்கே தனியொருவனின் திறமை என்று ஒன்றில்லை. மீன் திரளைக் கண்டு சொல்பவர், தோணியைச் செலுத்துபவர், நீரோட்டத்துக்கு ஏற்ப வலையை இறக்குபவர், கால்களை மணலிற் புதைத்து ஒரே தாளத்தில் இழுக்கும் ஆட்கள், கிழிந்த கண்ணிகளை உச்சி வெயிலில் இருந்து பொத்தும் முதியவர், இத்தனை பேரின் அறிவும் ஒன்றுகூடினால்தான் மடி நிறையும். அம்பாப் பாட்டு இவ்வுழைப்பை ஒருமைப்படுத்த எழுந்த கருவி. கடற்கரையின் அழகுக்காக எழுந்ததன்று.

வேலையை நடத்தும் மண்டாடியின் அறிவுக்கு ஊரில் மதிப்பு உண்டு. ஆனால் பிடிபட்ட மீனைப் பங்கிடும்போது வலையும் தோணியும் யாருடையவை என்பதே முதற் கேள்வி. சம்மாட்டிக்குரியது முதலிற் கழிந்தபின் எஞ்சியதே இழுத்த கைகளுக்கு. காற்றும் மழையும் உள்ள மாதங்களில் வாங்கிய முற்பணம் அதையும் கழித்துக்கொள்ளும். அறிவு ஓரிடத்தில், உடைமை வேறோரிடத்தில் என்னும் இப்பிளவை நோக்காமல் மீன்பிடி வல்லமை பற்றிப் பேசுவது பாதிப் பேச்சே.

இதே நிலையை வேறு நாட்டிற் கண்டு எழுதிய ஒருவரை இங்கே நினைவுகூரலாம். மானிடவியலாளர் ரேமண்ட் பேர்த், 1939-40 இல் மலாயாவின் கிளந்தான் கரையிலே பெருப்போக் என்னும் ஊரில் தங்கி மீனவர் வாழ்க்கையை ஆராய்ந்து, 1946 இல் ஒரு நூல் வெளியிட்டார். அங்கே தூக்குவலைக் குழுவை நடத்துபவருக்கு 'ஜூரு செலாம்' என்று பெயர். மூழ்குவதில் வல்லவர் என்பது பொருள். அவர் நீரிலிறங்கித் தலையை அமிழ்த்தி, மீன் கூட்டத்தின் ஒலியைக் கேட்டு, என்ன மீன், எவ்வளவு, எத்திசையிற் செல்கிறது என்று தீர்மானிப்பார். அவரது சைகைக்கே படகுகள் இயங்கும். நமது வாவியிற் சவளிற் காதை வைத்துக் கேட்பவரின் உறவினர் என்றே அவரைக் கூறலாம். மலாய் மீனவர் இவ்வறிவுக்கு ஒரு பதவிப்பெயரை வழங்கி, பங்கீட்டிலும் தனிப் பங்கை ஒதுக்கினர். அது மட்டுமன்று, அவர் தொடர்ந்து தவறினால் ஆட்கள் அவரை விட்டு வேறொருவரிடம் சென்றுவிடுவர். பட்டம் பெற்ற நிபுணர்களுக்கு இத்தகைய சோதனை நேர்வதில்லை என்பதை இடையே கூறிவைக்கிறோம். எனினும் அங்கும் வலைக்கு உடைமையாளராகவும் இருந்த வல்லுநருக்கே பயன் மிகுதி.

இலங்கையில் மீன்பிடித் திணைக்களம் 1941 இல் நிறுவப்பட்டது. 1950களில் நைலோன் நூலும் இயந்திரப் படகும் பரவத் தொடங்கின. இவற்றை வெறுத்து ஒதுக்குவது பிற்போக்கு. பருத்தி வலையை ஓயாமற் பனிச்சங்காய்ச் சாயத்தில் தோய்த்து உலர்த்திய உழைப்பை நைலோன் நீக்கியது. துடுப்பு வலித்துச் சோர்ந்த தோள்களுக்கு இயந்திரம் ஓய்வு தந்தது. மனிதனின் சுமையைக் குறைக்கும் எந்தக் கருவியையும் நாம் வரவேற்க வேண்டியவர்களே. வினா வேறு: கருவி யார் கையில், யாருடைய அறிவின் வழிகாட்டலில் இயங்கியது?

கேரளத்து அனுபவம் இதற்கு விடை தருகின்றது. 1952 அக்டோபரில் இந்தியாவும் நோர்வேயும் ஐக்கிய நாடுகள் அமைப்பும் செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி, கொல்லத்தை அடுத்த நீண்டகரையில் ஒரு மீன்பிடித் திட்டம் தொடங்கியது. மீனவரின் வாழ்வை உயர்த்துவதே அதன் நோக்கம் எனப்பட்டது. ஆனால் உறைய வைத்த இறாலுக்கு அமெரிக்கச் சந்தை திறந்ததும், கடலடியை வாரும் இழுவைப் படகே முன்னேற்றத்தின் அடையாளமாயிற்று. அதில் முதலிட்டவர் பலர் கடல் காணாத வியாபாரிகள். முட்டையிடும் பருவத்தில் அடிக்கடலை வாராதீர் என்று கட்டுமரத்திலும் வள்ளத்திலும் சென்றவர் கூறியபோது, அது தொழிற்பொறாமை என்று ஒதுக்கப்பட்டது. 1970களிலும் 1980களிலும் மறியலும் உண்ணாநோன்புமாகப் போராட்டம் நடத்தி, குழுக்கள் பல அமைந்து கலைந்தபின், 1988 இல்தான் மழைக்காலத்தில் இழுவைப் படகுகளுக்குத் தடை பிறந்தது. எழுத்தறியாதவன் சொன்னதை அரசு ஏற்க இத்தனை ஆண்டுகள் சென்றன.

கனடாவின் நியூபவுண்ட்லாந்திலோ ஏற்கும் காலம் வருமுன் கடலே வெறுமையாகிவிட்டது. கரையோரச் சிறு மீனவர் 1980களிலேயே கொட் மீன் சிறுத்து வருகிறது, குறைந்து வருகிறது என்று முறையிட்டனர். அரசின் விஞ்ஞானிகளோ ஆழ்கடற் கப்பல்களின் பெரும் பிடிப்பையும் கணக்கிற் கொண்டு, மீன் வளம் பெருகுவதாக மதிப்பிட்டனர். எஞ்சிய மீன்களெல்லாம் நெருங்கித் திரண்ட இடத்தையே அக்கப்பல்கள் தேடிச் சென்று வாரின என்பது பின்னரே விளங்கியது. 1992 சூலையில் அரசு அம்மீன்பிடியை முற்றாக நிறுத்தியது. ஏறத்தாழ முப்பதினாயிரம் பேர் வேலை இழந்தனர். ஐந்நூறு ஆண்டுத் தொழில் ஓர் அறிவிப்பில் முடிந்தது.

மாறாக, மீனவரிடம் மாணவனாகச் சென்ற விஞ்ஞானியும் உண்டு. கடலுயிரியலாளர் ராபர்ட் ஜோகன்னஸ் பசிபிக் தீவான பலாவுவில் 1970களில் மீனவரோடு தங்கி, அவர்களிடம் கேட்டறிந்தவற்றை 1981 இல் நூலாக்கினார். எந்த மீன் எந்தப் பிறையில் எவ்விடத்தில் முட்டையிடக் கூடும் என்பதில், அன்று உலகத்து விஞ்ஞான ஏடுகள் அனைத்திலும் இருந்ததைவிட மிகுதியான மீனினங்களைப் பற்றி அம்மீனவர் அறிந்திருந்தனர். இன்ன காலத்தில் இன்ன இடத்திற் பிடிக்கலாகாது என்ற கட்டுப்பாடுகளும் அவர்களிடம் இருந்தன. மீனைப் பிடிக்கத் தெரிந்தவர், பிடிக்காது விடவேண்டிய வேளையையும் தெரிந்திருந்தார்.

மீனவர் அறிவைப் புகழும்போது வேறொரு மயக்கத்துக்கு இடங்கொடுத்தலும் ஆகாது. முன்னோர் கூறியதெல்லாம் சரி, அது மாறாத பழம்பொருள் என்னும் வழிபாட்டு மனப்பான்மையை நாம் கூறவில்லை. திலாப்பியா மீன் ஆபிரிக்காவுக்கு உரியது. 1952 இல் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்டது. நமது மக்கள் அதனை ஏனோ 'யப்பான் மீன்' என்றனர்! பெயர் எப்படியாயினும், பாட்டன் காணாத அம்மீன் எங்கே குழி பறித்து முட்டையிடும், எந்த வலைக்கு அகப்படும் என்பதை வலைஞர் ஒரு தலைமுறைக்குள் கற்றுக்கொண்டனர். வாழும் அறிவு இவ்வாறுதான் நடந்துகொள்ளும். தவறும் அதில் உண்டு. கடனுக்கு வட்டி கட்ட வேண்டியவன் தடைசெய்யப்பட்ட தங்கூசி வலையை வாங்கிச் சிறு குஞ்சையும் அள்ளுகிறான். அவனுக்குத் தெரியாமல் அள்ளவில்லை. தெரிந்தும் அள்ளச் செய்வது அவன் கழுத்தில் இருக்கும் கடன்.

போர்க்காலம் நமது வாவிக்குச் செய்த கேட்டை இவ்வகையிலும் கணக்கிடவேண்டும். எழுவான்கரை ஒருவர் கட்டுப்பாட்டிலும் படுவான்கரை இன்னொருவர் கட்டுப்பாட்டிலும் நெடுங்காலம் இருந்தபோது, நடுவிலிருந்த நீர் எல்லையாயிற்று. இரவிலே தொழிலுக்குச் செல்லத் தடை; சென்றவர் திரும்புவது உறுதியில்லை. 1987 சனவரியில் கொக்கட்டிச்சோலையை அடுத்த மகிழடித்தீவு இறாற்பண்ணையிலே தொழிலாளரும் அயலவரும் கொல்லப்பட்டனர். அந்நாட்களில் எந்தத் தாய் தன் மகனைப் பறியோடு நீருக்கு அனுப்புவாள்? இரவு வாவியைக் கற்கவேண்டிய வயதில் ஒரு தலைமுறை விளக்கணைத்து வீட்டினுள் இருந்தது. கிழக்கிற் போர் 2007 இல் ஓய்ந்தது. விடுபட்ட பாடம் விடுபட்டதே. இடையில் 2004 டிசெம்பர் 26 ஆம் நாள் ஆழிப்பேரலை வந்து, வலையையும் தோணியையும் கடலறிந்த பலரையும் கொண்டு சென்றது. பின்னர் உதவி நிறுவனங்கள் படகுகளை வழங்கின. இலங்கைக் கரையெங்கும் அவ்வாறு வந்த படகுகளிற் சில, கடலறியாதார் கைக்கும் போயின. படகு கொடுத்தால் மீனவன் உண்டாகிவிடுவான் என்று கருதுவது, பேனா கொடுத்தால் புலவன் உண்டாகிவிடுவான் என்று கருதுவதைப் போன்றது.

இன்றும் வெள்ளக் காலத்தில் முகத்துவாரத்தை எப்போது வெட்டுவது என்பது மாவட்ட நிருவாகம் எடுக்கும் முடிவு. வயல் மூழ்கும் உழவனின் அவசரம் நியாயமானது. வாய் திறக்கும் நாளோடு தன் ஆறு மாதச் சோறு பிணைந்திருக்கும் வலைஞனின் கணக்கும் நியாயமானது. இவ்விருவரும் ஒருவருக்கொருவர் பகைவர் அல்லர். இருவர் பேச்சும் ஒரே மேசையில் ஒரே எடையோடு வைக்கப்பட வேண்டும் என்பதே நமது கோரிக்கை.

பள்ளிக்கூடத்துக்கும் இதிற் பங்குண்டு. வடகீழ்ப் பருவப் பெயர்ச்சிக் காற்று என்று மனனம் செய்து எழுதும் மாணவனுக்குப் புள்ளி கிடைக்கின்றது. அக்காற்றை வாடை என்றும், ஆனி ஆடியில் மேற்கிலிருந்து வீசும் வெங்காற்றைக் கச்சான் என்றும், இவை ஒவ்வொன்றிலும் வாவி நீர் எப்பக்கம் ஒதுங்கும் என்றும் வீட்டிற் கேட்டு வளர்ந்த பிள்ளை பின்வாங்கில் அமர்ந்திருக்கிறான். தந்தையின் தொழில் என்ன என்ற கேள்விக்கு அவன் தாழ்ந்த குரலிலேயே விடை கூறுகிறான். ஆகவே இவ்வாண்டு நாம் பத்தாம் வகுப்பு மாணவரிடம், வாவிக்கரை முதியோரைக் கேட்டுக் காற்று, நீர், மீன், இடம் ஆகியவற்றின் பெயர்களை எழுதிவருமாறு கூறியிருந்தோம். முதல் வாரத்தில் ஒரு மாணவி, தன் பாட்டியார் அத்தாங்கோடு இறங்கிய இடங்களை ஒரு முழுப் பக்கத்தில் எழுதி வந்தாள். வகுப்பறைச் சுவரில் தொங்கும் நிலப்படத்தை இறக்கி வைத்து ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் பார்த்தோம். அவற்றுள் ஒரு பெயரும் அதில் இல்லை. மாணவர் இப்பொழுது அப்படத்தில் அவற்றைப் பென்சிலால் எழுதிக்கொண்டிருக்கின்றனர்.